ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் கூட்டுறவும்

(ரஞ்சன்குடியில் சங்க அங்கத்தினர்களுக்குக் கூட்டுறவு இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



பயிர்க்கடன், தவணை, பங்குத்தொகை ஆகியவற்றைப் பற்றியே நான் பேசுவேன் என்று எதிர்பார்த்து நீங்கள் வந்திருக்கக்கூடும். இன்ஸ்பெக்டர் வாயைத் திறந்தால் பாக்கியைத்தான் பேசுவார் என்பது நமது கிராமங்களில் நெடுநாளைய நம்பிக்கை. அவ்விஷயத்துக்கும் வருவேன். ஆயின் முதலில் ஓர் அரசரைப் பற்றிச் சொல்ல உத்தேசித்திருக்கிறேன். 1910-ம் வருஷம் முதல் 1936-ம் வருஷம் வரையில் இங்கிலாந்தை ஆண்டவரும், அக்காலத்தில் நமது தேசத்துக்கும் சக்கரவர்த்தி என்னும் பட்டம் தரித்திருந்தவருமான ஐந்தாம் ஜார்ஜ் மன்னரே அவர். அந்த ஆட்சி போய், நம் காரியங்களை நாமே பார்த்துக்கொள்ளும் இந்நாளில் அவருடைய பேச்சு எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் உண்டு.

சென்ற மாதம் எங்கள் ஆபீஸ் அலமாரியிலிருந்த காகிதக் கட்டுகளைப் பிரித்து அடுக்கும்போது, அட்டை கிழிந்த பழைய கூட்டுறவுப் புத்தகம் ஒன்று அகப்பட்டது. அதன் முதல் பக்கத்தில் அம்மன்னர் கூறிய அபிப்பிராயம் ஒன்று தனியாக அச்சிடப்பட்டிருந்தது. கூட்டுறவு முறையை இந்நாட்டில் புகுத்தி, அதனை முழு அளவில் பயன்படுத்திக்கொள்ளக் கூடுமானால், இத்தேசத்து விவசாயத்துக்கு மேன்மையான எதிர்காலம் இருப்பதைத் தாம் காண்கிறோம் என்பதே அதன் கருத்து. 1911-ம் வருஷத்தில் அவர் இந்தியாவுக்கு வந்திருந்தபோது சொல்லியது. பிறகு பல வருஷங்கள் வரை கூட்டுறவைப் பற்றி எழுதினவர்களும் பேசினவர்களும் இதனை எடுத்துக்காட்டாமல் விட்டதில்லை.

எடுத்துக்காட்டினவர்களில் அநேகர், மேன்மையான எதிர்காலம் என்ற பின்பாதியை உரக்கச் சொல்லி, முன்பாதியை மெல்லச் சொல்லிவிட்டனர். முன்பாதியில்தான் நிபந்தனை இருக்கிறது. நமது தமிழில் நிபந்தனையைக் காட்டும் ‘ஆல்’ என்பது தனிச் சொல்லாக நில்லாமல் வினையின் வாலில் ஒட்டிக்கொண்டு வருகிறது. மழை பெய்தால், விலை கிடைத்தால், கடன் அடைந்தால் என்று நாம் சொல்லும்போது அந்த ‘ஆல்’ எவ்வளவு பெரிய பாரத்தைத் தாங்குகிறதென்பதை மானாவாரிக் காட்டை உழுகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மன்னருடைய வார்த்தையிலும் அத்தகைய ‘ஆல்’ ஒன்று உண்டு. இன்றைய என் பேச்சு முழுவதும் அதைப் பற்றியதே.

நிற்க. இந்த மன்னர் எப்படிப்பட்டவர் என்பதைச் சிறிது அறிந்துகொள்வது நலம். அவர் தம் தந்தைக்கு இரண்டாவது புதல்வர். 1877-ல், பன்னிரண்டு வயதிலேயே, கப்பற்படையில் பயிற்சிக்கு அனுப்பப்பட்டவர். தமையனார் 1892-ல் காலமாகாமல் இருந்திருப்பாரானால் மாலுமியாகவே வாழ்ந்திருப்பார். பெரிய படிப்பாளியல்லர், தபால் தலைகளைச் சேர்ப்பதில் மிகுந்த பிரியமுடையவர். நானும் மெட்ரிகுலேஷன் வரையில் படித்தவனே ஆகையால் இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவர் பேச்சுகளில் அலங்காரம் குறைவு. அன்றியும், இங்கிலாந்தின் அரசர் மேடையில் பேசுவதெல்லாம் அவர் சொந்தச் சொல் என்று எண்ணிவிடலாகாது. மந்திரிகளும் காரியதரிசிகளும் எழுதித் தருவது அந்நாட்டு வழக்கம். 1932-ம் வருஷத்துக் கிறிஸ்துமஸ் தினத்தில் அவர் முதன்முதலாக வானொலியில் பேசியபோது படித்த உரையை எழுதியவர் கிப்ளிங் என்னும் ஆசிரியர். ஆகவே ஒரு சொல்லை மன்னர் சொன்னார் என்பதற்காகவே நாம் கும்பிட வேண்டியதில்லை. அது மெய்யா, நமக்கு உதவுமா என்று பார்ப்பதே முறை.

அவர் பட்டத்துக்கு வருவதற்கு முன், 1901-ல், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, கனடா முதலிய தேசங்களைக் கப்பலில் சுற்றிவிட்டு லண்டனுக்குத் திரும்பினார். அவ்வருஷம் டிசம்பர் மாதத்தில் நகர மண்டபத்தில் பேசுகையில், அயல்நாட்டு வியாபாரிகளின் போட்டியினால் நமது சரக்கின் இடம் பறிபோகிறது, பழைய தேசம் விழித்துக்கொள்ள வேண்டுமென்று தாம் போன இடங்களிலெல்லாம் வியாபாரிகள் கருதுவதாகச் சொன்னார். உலகத்தின் செல்வமெல்லாம் வந்து குவிந்திருந்த நகரத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கே விழித்துக்கொள்ளும்படி சொல்ல வேண்டியிருந்தது! நாம் எந்த மட்டு? பெரம்பலூர்ச் சீமையில் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளைகிற விளைச்சல் மாகாணம் முழுவதும் பேர் பெற்றது. செட்டிகுளம் பக்கத்து வெங்காயத்தைச் சென்னையில் கேட்டு வாங்குகிறார்கள். ஆயினும் அறுவடைக் காலத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியே மூட்டையைக் கட்டிக்கொண்டு ஒரே வியாபாரியின் தராசுக்கு முன் நிற்கிறோம். பட்டறை போட்டு வைத்துக் காத்திருந்து விற்க முடிந்தவருக்கு நல்ல விலை கிடைக்கிறது. காத்திருக்க முடியாதவர் யார்? விதைக்கும் உரத்துக்கும் அந்த வியாபாரியிடமே முன்பணம் வாங்கியவர். கடன் வாங்கிய இடத்திலேயே விளைச்சலையும் விற்க வேண்டியவன் விலை பேச முடியாது. சங்கம் கடன் கொடுப்பதன் கருத்தே அந்தக் கட்டை அவிழ்ப்பதுதான். வட்டி குறைவென்பது இதற்கு அடுத்த நன்மையே.

1905-ம் வருஷக் கடைசியில் அவர் இளவரசராக இந்தியாவுக்கு வந்தார். 1906-ம் வருஷம் ஜனவரியில் சென்னையையும் பார்த்தார். அந்தப் பிரயாணத்தில் அவர் மனத்தில் பட்டது ஒன்றுண்டு. இங்குள்ள வெள்ளைக்காரர்கள் இந்தியர்களை ஜெயிக்கப்பட்ட, தாழ்த்தப்பட்ட ஜாதியாரைப் போல நடத்துகிறார்கள் என்று தம் குறிப்பில் எழுதி வைத்தார். ஊர் திரும்பியபின் 1906-ம் வருஷம் மே மாதத்தில் லண்டன் மண்டபத்தில் பேசும்போது, இந்திய ஆட்சியில் அநுதாபம் என்பதை இன்னும் அதிகமாகக் கலந்தால் அந்த வேலை சுலபமாகும் என்றார். மேடைப் பேச்சுகளில் இது அவர் மனத்திலிருந்து வந்ததென்றே நான் நினைக்கிறேன். குறிப்பில் எழுதினதோடு ஒத்திருக்கிறது.

அந்தச் சமயத்தில் கோபால கிருஷ்ண கோகலே அவர்களுடன் அவருக்கு நேர்ந்த சம்பாஷணை ஒன்று உண்டு. நீங்கள் நாட்டை ஆண்டால் ஜனங்கள் இப்போதைவிடச் சந்தோஷமாக இருப்பார்களா என்று இளவரசர் கேட்டார். சந்தோஷமாக இருப்பார்களென்று நான் சொல்லவில்லை, அவர்களுக்குச் சுயமரியாதை அதிகமாக இருக்கும் என்று கோகலே விடையளித்தார். இளவரசர் விடவில்லை, ஸ்திரீகளை இப்போது நடத்துகிறபடி நடத்திக்கொண்டிருக்கும் வரையில் உண்மையான சுயமரியாதை எங்ஙனம் உண்டாகும் என்று திருப்பிக் கேட்டார். அது பெருங் களங்கமே என்று கோகலே மறைக்காமல் ஒப்புக்கொண்டார்.

இதில் இருவர் சொன்னதும் நமக்கு வேண்டும். கேட்டவருடைய தேசத்திலேயே அன்று பெண்களுக்குப் பார்லிமெண்டு ஓட்டு இல்லை. 1918-ல் முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களில் ஒரு பகுதியாருக்கும், 1928-ல்தான் ஆண்களுக்குச் சமமாகவும் கிடைத்தது. ஆயினும் கேள்வி பொய்யாகிவிடாது. எங்கள் பேரேடுகளைப் பார்த்து வருகிற என் அநுபவத்தில், தாய்மார்கள் குழுவாகச் சேர்ந்து வாங்கிய கடன் தவணைக்கு முன்னதாகவே வந்துவிடுகிறது. அந்த வரவைக் காட்டி மற்ற பாக்கிகளை மறைத்துக்கொள்கிற சங்கங்களும் இருக்கின்றன; ஊரின் பேரைச் சொல்லமாட்டேன். ஆயின் மகாசபைக் கூட்டத்தில் அத்தாய்மார்களை நான் காண்பது அரிது. இன்று பின் வரிசையில் எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் முன்னே வந்து உட்காரலாம், இடமிருக்கிறது.

கோகலே அவர்களுடைய விடையைக் கடன் விஷயத்தில் வைத்துப் பாருங்கள். லேவாதேவிக்காரர் திண்ணையில் நின்று பணம் வாங்கியவனும் சந்தோஷமாகத்தான் திரும்புகிறான்; அவசரத்துக்குப் பணம் கிடைத்துவிட்டதல்லவா? அவன் இழப்பது சந்தோஷத்தை அன்று. சங்கத்தில் கடன் கேட்கிறவன் தன் பங்கு இருக்கிற இடத்தில், தானும் ஓட்டுப் போட்ட கமிட்டியிடம், சட்டப்படி கேட்கிறான். இந்த வித்தியாசத்தை மன்னர் எவ்வளவு தூரம் உணர்ந்தாரென்பது சந்தேகமே. இருபத்தைந்து வருஷங்களுக்குப் பின், 1931-ல், வட்டமேஜை மகாநாட்டுக்குப் போயிருந்த காந்தியடிகளை அரண்மனைத் தேநீர் விருந்தில் கண்டபோது, தமது சாம்ராஜ்யத்தின்மீது தாக்குதல்களைப் பொறுத்துக்கொள்ள மாட்டோமென்று அவர் எச்சரித்தார். விருந்துண்ட இடத்தில் அரசியல் வாதம் செய்யலாகாது என்று காந்தியடிகள் பதில் சொல்லி வந்துவிட்டார். அநுதாபம் வேண்டுமென்று சொன்னவருக்கும் அதற்கொரு வேலி இருந்தது.

இனி 1911-க்கு வருவோம். அவ்வருஷம் டிசம்பர் 12-ந் தேதி டில்லியில் தர்பார் நடந்தது. ராஜதானியைக் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாற்றுவது அங்கேதான் பிரசித்தப்படுத்தப்பட்டது. ஜனங்களின் கல்விக்கென்று 50 லட்சம் ரூபாயும் அறிவிக்கப்பட்டது. 1912-ம் வருஷம் ஜனவரியில் கல்கத்தா சர்வகலாசாலையாரிடம் பேசும்போது, ஆறு வருஷங்களுக்கு முன் அநுதாபத்தை அனுப்பினேன், இப்போது நம்பிக்கை என்னும் சொல்லைத் தருகிறேன் என்றும், தேசமெங்கும் பள்ளிக்கூடங்கள் பரவிக் குடிகளின் வீடுகள் விளக்கமடைய வேண்டுமென்றும் கூறினார். கூட்டுறவைப் பற்றிய அபிப்பிராயமும் இந்தப் பிரயாணத்தில் பிறந்ததே.

அந்த அபிப்பிராயத்தில் இரண்டு வினைகள் இருக்கின்றன. ஒன்று புகுத்துதல், மற்றொன்று பயன்படுத்துதல். புகுத்துவது சர்க்காரால் ஆகும். அது நடந்தது. நமது சென்னை மாகாணத்துச் சர்க்காரால் அனுப்பப்பட்ட பிரெடெரிக் நிக்கல்ஸன் துரை, ஐரோப்பாவிலே விவசாயிகள் நடத்தும் பாங்கிகளை ஆராய்ந்து 1895-லும் 1897-லும் பெரிய அறிக்கைகளை எழுதினார். அத்தனை பக்கங்களின் முடிவு யாதெனில், ராய்பைசனைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதே. ராய்பைசன் என்பவர் ஜெர்மனியில் சிறு கிராமங்களுக்கு மேயராயிருந்து, 1846-47-ம் வருஷங்களின் பஞ்சத்தில் ஏழைகளுக்கு ரொட்டி கிடைக்க வழிசெய்யப் புகுந்து, பின்பு கிராமக் கடன் சங்கங்களை நிறுவியவர். நிக்கல்ஸன் துரையின் கருத்து என்னவெனில், சட்டம் எழுதிவிடலாம், அத்தகைய மனிதன் கிராமத்துக்குள்ளேயே இருந்து எழுந்தாலன்றிச் சட்டம் பயன்படாது என்பது. 1904-ல் சட்டம் வந்தது. அவ்வருஷமே நம் மாகாணத்தில், அப்போது செங்கற்பட்டு ஜில்லாவிலிருந்த திரூர்க் கிராமத்தில், முதல் கடன் சங்கம் பதிவாயிற்று. 1912-ல் இரண்டாவது சட்டம். 1932-ல் சென்னைக்கென்று தனிச் சட்டம். திருச்சிராப்பள்ளி ஜில்லாவோடு சேர்ந்திருந்த நமது பெரம்பலூர்த் தாலுகாவும் இந்த அலைக்குள்ளேயே இருந்தது.

பயன்படுத்துதல் நடந்ததா? 1926-ல் அதே மன்னர் பெயரால் நியமிக்கப்பட்ட ராயல் விவசாயக் கமிஷன், லின்லித்கோ பிரபுவின் தலைமையில் தேசமெங்கும் விசாரித்து 1928-ல் அறிக்கை வெளியிட்டது. கூட்டுறவு தோற்குமானால் கிராம இந்தியாவின் சிறந்த நம்பிக்கையே தோற்றதாகும் என்று அக்கமிஷன் எச்சரித்தது. பதினேழு வருஷங்களுக்குள் ‘ஆல்’ திசை மாறிவிட்டதைக் கவனியுங்கள்! மன்னர் வெற்றிக்கு நிபந்தனை சொன்னார். கமிஷனார் தோல்விக்கு நிபந்தனை சொல்ல வேண்டியதாயிற்று. பிறகு சுதந்தர இந்தியாவில் 1951-52-ல் கிராமக் கடன் நிலையைக் கணக்கெடுத்து, 1954-ல் அறிக்கை வெளியிட்டார்கள். விவசாயி வாங்கிய கடன் நூறு ரூபாயில் கூட்டுறவுச் சங்கங்களிடமிருந்து கிடைத்தது சுமார் மூன்று ரூபாய்தான். சுமார் எழுபது ரூபாய் லேவாதேவிக்காரர்களிடமிருந்து. ஐம்பது வருஷ காலம் சட்டமும் சங்கமும் இன்ஸ்பெக்டரும் இருந்தும் மூன்று ரூபாய்! கூட்டுறவு தோற்றது, ஆயினும் அது வெற்றி பெற்றே தீர வேண்டுமென்பது அவ்வறிக்கையின் தீர்ப்பு. புகுத்தினார்கள், பயன்படுத்தவில்லை. அதன் பின் சங்கங்களின் பங்கு பன்மடங்கு வளர்ந்திருப்பது மெய். எனினும் அந்த மூன்று ரூபாயை நான் மறப்பதில்லை.

யார் முதலில் நடந்து காட்டுவது என்பதிலும் இம்மன்னரிடம் கற்கத்தக்கது ஒன்று உண்டு. முதல் மகாயுத்தத்தின்போது, குடியினால் ஆயுதத் தொழிற்சாலை வேலை கெடுகிறதென்ற கவலை இங்கிலாந்தில் உண்டாயிற்று. மந்திரி லாயிட் ஜார்ஜ் அவர்களின் தூண்டுதலின்பேரில் மன்னர், யுத்தம் முடியும் வரையில் அரண்மனையில் மதுபானம் பரிமாறப்படமாட்டாதென்று 1915-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் விரதம் பூண்டார். தேசம் முழுவதும் பின்தொடரும் என்று எதிர்பார்த்தார்கள். பார்லிமெண்டார் பின்பற்றவில்லை. தூண்டிய மந்திரியும் பின்பற்றவில்லை. மன்னர் ஏமாற்றப்பட்டதாகவே கருதினாராம். கமிட்டியார் இக்கதையை இரண்டு விதமாகவும் எடுத்துக்கொள்ளலாம். தங்கள் பெயரில் தவணை கடந்த பாக்கியை வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு நோட்டீஸ் அனுப்பும் கமிட்டி, அந்த மந்திரியைப் போன்றது. ஒருவர் மட்டும் ஒழுங்காக நடந்து, மற்றவர்கள் அவரை வேடிக்கை பார்ப்பார்களானால், அவர் மன்னரைப் போல மனம் நொந்து போவார். அப்படி நொந்துபோன ஒருவரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

வேறொரு தாலுகாவில் நான் வேலை பார்த்தபோது நடந்தது. 2021-ம் வருஷம் பொங்கல் கழிந்த வாரத்தில் பெரியவர் ஒருவர் சங்கத்துக்கு வந்து, தம் பயிர்க்கடன் முழுவதையும் கட்டினார். மக்காச்சோளம் விற்ற பணம் போதாமல் இரண்டு ஆடுகளையும் விற்றிருந்தார். பிப்ரவரி மாதம் கடன் தள்ளுபடி பிரசித்தமாயிற்று. ஜனவரி 31-ந் தேதியன்று நிலுவையிலிருந்த கூட்டுறவுப் பயிர்க்கடனுக்கே அது பொருந்தும். பத்து நாள் கழித்து அவர் என்னைத் தேடி வந்தார். “ஐயா, நான் ஏமாந்தவனா?” என்று கேட்டார். கடனைக் கட்டியதற்காக வருந்துகிறவர் போலவும், அப்படி வருந்துவதற்காக வெட்கப்படுகிறவர் போலவும் நின்றார். “பெரியவரே, உங்கள் நாணயம் எங்கும் போகாது” என்று ஏதோ சொன்னேன். அவருக்கு அது போதவில்லை, எனக்கும் போதவில்லை.

2006-லும், 2016-லும், 2021-லும் நம் மாகாணத்தில் தள்ளுபடி நடந்திருக்கிறது. பயிர் கருகி, வெள்ளத்தில் அழிந்து, மீள வழியின்றித் தவித்தவர்களுக்கு அது உயிர்ப்பிச்சையாக இருந்தது. அதைக் குறை கூற எனக்கு வாய் வராது. ஆயின் அது வரும் வரும் என்று காத்து, கையில் பணம் இருந்தும் கட்டாமல் இருக்கிறவர்கள் நம்மில் இல்லையென்று யாராவது சொல்லுவாரா? தள்ளுபடித் தொகையைச் சர்க்கார் சங்கத்துக்கு ஈடுசெய்கிறது. ஆயின் தவணை தவணையாகவே வருகிறது. அதற்கிடையில் விதைக்காலம் வந்துவிடுகிறது. மழை தவணை பார்ப்பதில்லை. சங்கத்தின் கையில் பணமில்லாத அந்த மாதத்தில்தான் உங்களில் சிலர் மறுபடியும் அந்தப் பழைய திண்ணைக்குப் போகிறீர்கள். அன்று நான் அப்பெரியவருக்குச் சொல்லியிருக்க வேண்டியது இதுவே: நீங்கள் கட்டிய பணத்தில் ஆடியில் இன்னொருவர் விதை வாங்கினார். அவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது. அவருக்கும் உங்களைத் தெரியாது. தவணை தவறாமல் கட்டுகிறவருக்குப் பயிர்க்கடனில் வட்டியே கிடையாதென்பதையும் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விட்டது என் பிழை. அடுத்த பருவத்தில் அவர் மறுபடி கடன் கேட்டு வந்தார்; மறுபடியும் ஒழுங்காகக் கட்டினார். என்னுடன் மட்டும் முன்போலப் பேசுவதில்லை.

இக்கட்டடத்தின் வாசலில் நின்றால் நமது கோட்டை தெரிகிறது. 1751-ல் வாலிகண்டபுரத்துச் சண்டை என்று சரித்திரக்காரர்கள் எழுதுகிற போர் இங்கேதான் நடந்தது. ஆங்கிலேயரும் முகம்மது அலியும் ஒரு பக்கம். பிரெஞ்சுக்காரரும் சந்தா சாகிபும் ஒரு பக்கம். கோட்டைக்குரியவர் இரு கட்சிக்கும் நல்ல வார்த்தை சொல்லிக்கொண்டு, எது வெல்லுமென்று தெரியும் வரையில் கதவைத் திறவாமல் நாளைக் கடத்தினார். அதன் பலனாக முதலில் எரிந்தது கோட்டைக்கு வெளியேயிருந்த பேட்டைதான். சங்கம் நன்றாக நடக்கட்டும், பிறகு டெபாசிட் போடுகிறேன் என்று என்னிடம் சொல்லுகிறவர்களைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தக் கோட்டைக்காவலர் ஞாபகம் வருகிறது. அவர்கள் டெபாசிட் போட்டாலன்றிச் சங்கம் எப்படி நன்றாக நடக்கும்? அவரிடமும் ஒரு ‘ஆல்’ இருந்தது. அதை அவர் பிறர் தலையில் வைத்துவிட்டார்.

என் பேச்சு உத்தேசித்ததைவிட நீண்டுவிட்டது; பொறுத்தருள வேண்டும். இப்போது செயலாளர் தவணை கடந்த பாக்கிகளின் ஜாபிதாவை வாசிப்பார். கமிட்டி அங்கத்தினர்களின் கணக்கை முதலில் வாசிக்கும்படி நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தலைவர் அவர்களும் சம்மதித்திருக்கிறார். ஜாபிதாவில் தம் பெயர் தவறாக ஏறியிருப்பதாகக் கருதுகிறவர்கள் ரசீதைக் காட்டி இன்றே திருத்திக்கொள்ளலாம். நான் இரவு பஸ் வரையில் இங்கேயே இருப்பேன்.